பக்கக் கன்று

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு செடி விருந்துக்கு வந்து இரண்டு மாதத்துக்கு மேல் தங்கியது. அப்பா அதைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டார். அம்மா ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டேன் என்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் புகுந்து அதற்கு வைத்தியம் பார்த்தேன். குழப்பமெல்லாம் அந்த வைத்தியத்தில்தான் ஆரம்பம்.

செடி ஆபீஸ் அத்தையுடையது. சொந்த அத்தை இல்லை. நாங்கள் இருந்தது நெரவியில். அப்பா தினமும் மொபெட்டில் காரைக்காலுக்குப் போய் ஓர் அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தார். அங்கே அவருக்குப் பக்கத்து மேசைக்காரர் அந்த அத்தை. கல்யாணம் செய்துகொள்ளாமல், படுத்த படுக்கையாகக் கிடந்த தன் அம்மாவைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவர். அந்த அம்மா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை ஆட்டோவில் மடியில் ஒரு பீங்கான் தொட்டியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

அன்னாசிப் பழத்தின் கொண்டையைப் பெரிதாக்கி, எண்ணெய் தடவித் துடைத்துத் தொட்டியில் நட்டுவைத்த மாதிரி இருந்தது செடி. இலைகள் ஒன்றையொன்று அணைத்து நடுவில் ஒரு குழி. அந்தக் குழியிலிருந்து விரைத்து எழுந்த தண்டில் சிவப்பாக ஒரு பூ. பூ என்று அத்தை சொன்னதால் நம்பினோம். பார்க்க வந்த தெருக்காரர்கள் பாதிப் பேர் பிளாஸ்டிக்கா என்று கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். மூன்று மாதமாக இப்படியே வாடாமல் இருக்கிறது என்று அத்தை பெருமையாகச் சொன்னதும் அம்மாவுக்கு அதன்மேல் இருந்த சந்தேகம் உறுதியாகிவிட்டது. பூ என்றால் சாயங்காலம் வாட வேண்டும் என்பது அவள் கட்சி.

அத்தை அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னார். யார் வாயிலும் நுழையவில்லை. நாங்கள் சிவப்பு அன்னாசி என்று வைத்துக்கொண்டோம். அது உண்மையிலேயே அன்னாசிக்குப் பங்காளி என்று பல வருஷம் கழித்துப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

"தண்ணிய வேருல ஊத்தாதீங்க சார். நடுவுல குழி இருக்கு பாருங்க, அதுல கொஞ்சம் நிக்கணும். பூ காஞ்சிடுச்சுன்னா தண்ட மட்டும் அடியோட வெட்டிடுங்க. மத்தது அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு அத்தை புதுச்சேரிக்குப் போய்விட்டார்.

அவர் புதுச்சேரிக்குப் போனதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. காரணம் யானம்.

எங்கள் அரசாங்கத்துக்கு ஊர்கள் நான்கு. புதுச்சேரியும் காரைக்காலும் ஒரே கடற்கரையில் இருக்கின்றன. மாஹே கேரளத்துப் பக்கம். யானம் ஆந்திராவில், கோதாவரிக் கரையில். பள்ளிக்கூடத்து வரைபடத்தில் நான்கு மிளகை உருட்டிவிட்ட மாதிரி கிடக்கும். இந்த அரசாங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒரு காகிதம் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு இன்னொரு மிளகுக்குப் போக வேண்டும். அந்த வருஷம் அப்பாவின் ஆபீஸிலிருந்து ஒருவரை யானத்துக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு. அனுப்பக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா, இன்னொருவர் ஆபீஸ் அத்தை.

அம்மா அப்போது என் தம்பியைச் சுமந்துகொண்டிருந்தாள், நான்காம் மாதம். நான் பிறந்தபோது அவள் பிழைத்ததே பெரிய காரியம் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு வந்தால் என்னை வெளியே போய் விளையாடச் சொல்வார்கள். நான் வாசலில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் விளையாடப் போவேன். ஆகவே அப்பா யானத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். பயமாகவும் இருந்தது.

புதுச்சேரியில்தான் தலைமை ஆபீஸ். அங்கே போய் யாரையாவது பார்த்து, அப்பா தலையில் யானத்தைக் கட்டிவிட்டு வருவதற்காகவே அத்தை போயிருக்கிறார் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

"ஆளையும் அனுப்பப் போறாங்க. அனுப்புற வரைக்கும் செடிக்குத் தண்ணியும் ஊத்தச் சொல்றாங்க. நீங்களும் தலையாட்டிட்டு வாங்கி வச்சிருக்கீங்க."

அப்பா சொம்பை எடுத்துக்கொண்டு செடியிடம் போனார். யாராவது நம்பி ஒன்றைக் கொடுத்துவிட்டால் அப்பாவுக்கு அப்புறம் தூக்கம் வராது.

அடுத்த வாரம் டெங்குக் கொசு ஒழிப்புக்காகச் சுகாதாரத் துறைப் பெண் வீடு வீடாக வந்தார். தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பக்கெட், பழைய டயர் என்று தண்ணீர் தேங்கிய எல்லாவற்றையும் கவிழ்ப்பது அவர் வேலை. எங்கள் கொல்லையில் ஒன்றும் அகப்படாமல் திரும்பியவரை அம்மா கையைப் பிடித்துக் கூட்டி வந்து செடியைக் காட்டிக்கொடுத்தாள். அவர் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொட்டியை அப்படியே சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார். அன்று முழுவதும் அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள். சாயங்காலம் வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, குழியை மறுபடி நிரப்பினார். அதன் பிறகு இரண்டு நாளுக்கு ஒரு தடவை அவரே பழைய தண்ணீரைக் கொட்டிப் புதிதாக ஊற்றினார். சட்டத்துக்கும் துரோகம் இல்லை, செடிக்கும் துரோகம் இல்லை.

ஆனாலும் சிவப்பு மங்கத் தொடங்கியது. பூ செங்கல் நிறமாகி, பிறகு காய்ந்த மிளகாய் நிறமாகியது. இலை நுனிகள் கருகின. அப்பா முகமும் கூடவே கருகியது. நான் என் மனதுக்குள் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். அத்தை திரும்பி வரும்போது செடி நன்றாக இருந்தால் அவர் மனம் குளிர்ந்து யானத்தை மறந்துவிடுவார். செடி செத்திருந்தால் அப்பா யானம். இதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போயிருந்தார். அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தாள். நான் காய்கறிக் கத்தியை எடுத்துத் துவைக்கிற கல்லில் தீட்டிக்கொண்டு போய்ச் செடியின் முன்னால் உட்கார்ந்தேன்.

முதலில் காய்ந்த பூத்தண்டு. இலைகளை விலக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தி எவ்வளவு கீழே போகுமோ அவ்வளவு கீழே விட்டு அறுத்தேன். சுத்தமாக வந்தது. பிறகு பள்ளிக்கூடக் கத்தரிக்கோலால் கருகிய நுனிகளை, இலையின் கூர் மாறாமல் இரண்டு பக்கமும் சாய்வாக நறுக்கினேன். தள்ளி நின்று பார்த்தால் முடி வெட்டிக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அத்தோடு எழுந்து கை கழுவியிருந்தால் இதைச் சொல்ல எனக்கு வேலையே இல்லை.

அடியில் பார்த்தேன். பெரிய செடியை ஒட்டி மூன்று சின்னச் செடிகள், ஒன்று ஒரு சாண் உயரம், மற்ற இரண்டும் அதைவிடக் குட்டை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செடி இளைத்ததற்குக் காரணம் இதோ இருக்கிறது.

நெரவியில் எங்கள் பெரியப்பாவுக்கு வயல் போக ஒரு வாழைக் கொல்லையும் உண்டு. கோடை விடுமுறை முழுக்க நான் அவர் பின்னாலேயே திரிவேன். வாழையைச் சுற்றிக் கிளம்புகிற பக்கக் கன்றுகளை அவர் அரிவாளால் சரசரவென்று அறுத்துக்கொண்டே போவார். "இதுங்கள விட்டு வச்சா தாய்க்கு ஒண்ணும் மிஞ்சாது பாப்பா. எல்லாத்தையும் இதுவே உறிஞ்சிடும்" என்பார். எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பாடம் இது. நகரத்திலேயே வாழ்ந்த அத்தைக்குத் தெரிய நியாயமில்லை என்று அவர்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது.

மூன்றையும் தாயோடு ஒட்டிய இடத்தில் கத்தியைக் கொடுத்து அறுத்தெடுத்தேன்.

அறுத்ததைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. பெரியப்பா நல்ல கன்றை எறிய மாட்டார், கேட்டவர்களுக்குக் கொடுப்பார். இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கொட்டாங்கச்சிகளில் தேங்காய் நாரைத் திணித்து, ஆளுக்கு ஒன்றாக நட்டு, குளியலறைக்குப் பின்னால் நிழலில் ஒளித்துவைத்தேன். மறுநாளே பக்கத்து வீட்டு ஆடு வந்து ஒரு கன்றைத் தின்றுவிட்டது. மீதி இரண்டை ஓட்டைக் கூடையால் மூடினேன்.

அப்பா வந்து பார்த்துவிட்டு, தண்டை வெட்டியது நானா என்று கேட்டு, தலையைத் தடவிக்கொடுத்தார். கன்று விஷயம் அவர் கண்ணில் படவில்லை. நானும் சொல்லவில்லை. செடி கொழுத்து நிற்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

செடி கொழுக்கவில்லை. நாளுக்கு ஓர் இலையாக மஞ்சளடித்துத் தொங்கியது. கார்த்திகை பாதி போவதற்குள் நடு இலையே கையோடு வந்துவிடும் போல ஆடியது. இப்போது அம்மாவுக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. வேண்டுமென்றே சாகவிட்டுவிட்டாள் என்று நாளைக்கு அந்தம்மா சொன்னால், ஆபீஸ் முழுக்கத் தன் பெயர்தானே கெடும். இதுவரை எதிர்க்கட்சியில் இருந்தவள் ஒரே நாளில் கட்சி மாறினாள். பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாளிடம் யோசனை கேட்டு, மீன் கழுவிய தண்ணீரைக் குழியில் ஊற்றினாள். மசக்கை வயிற்றோடு மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் ஊற்றுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். தெருப் பூனைகள் நான்கும் செடியைச் சுற்றிக் குடித்தனம் வந்தன. செடிக்கு மட்டும் ஒரு முன்னேற்றமும் இல்லை.

கடைசியில் அப்பா பெரியப்பாவைக் கூட்டிவந்தார். பெரியப்பா பூனைகளை விரட்டிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். தண்டு அறுத்த இடத்தை மோந்து பார்த்தார்.

"இது பூத்து முடிச்ச செடிடா தம்பி. குலை தள்ளின வாழை கணக்கா. நீ என்ன ஊத்துனாலும் இனிமே நிக்காது. அது சரி, கன்னு எங்க?"

"கன்னா? அதெல்லாம் ஒண்ணுமில்லையேண்ணே" என்றார் அப்பா.

பெரியப்பா அடிமண்ணை விரலால் கிளறினார். "மூணு இருந்திருக்கு. யாரோ அறுத்திருக்காங்க. சும்மா சொல்லக்கூடாது, தாய் உடம்புல கீறல் விழாம அறுத்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பாராட்டுக்கு முகம் மலர்ந்துவிட்டதால் நான் அந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பாவுக்குக் கோபம் வரவில்லை. நான் விடுமுறையில் பார்த்தது பாதிப் பாடம்தானாம். "குலை தள்ளுற வரைக்கும்தான் அறுக்கணும் பாப்பா. தள்ளின பிறகு ஒண்ணை விட்டுடணும். தாய் போயிடும், அப்புறம் அதுதான்" என்றார். மீதிப் பாடம் நடக்கும் மாதங்களில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறேன்.

கூடையைத் தூக்கிக் காட்டினேன். இரண்டு கன்றும் உயிரோடு இருந்தன. அப்பா ஒரு கொட்டாங்கச்சியைக் கையில் எடுத்து லேசாகச் செடியை இழுத்துப் பார்த்தார். வரவில்லை, வேர் பிடித்திருந்தது. அப்பாவுக்குப் போன உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது. இருந்தாலும் வாங்கி வைத்த செடி செத்துவிட்டதே, மேடத்துக்கு என்ன பதில் சொல்வேன் என்று அன்று சாப்பிடாமல் புலம்பிக்கொண்டிருந்தார்.

மார்கழியில் அத்தை வந்தார், அதே ஆட்டோ, அதே ஞாயிற்றுக்கிழமை வேளை. அம்மா வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றாள். வாங்க என்று சொன்னாள், உட்காருங்க என்று சொல்லவில்லை. அப்பா தலைமை ஆசிரியர் முன்னால் நிற்கிற மாதிரி எழுந்து நின்று, "மேடம், செடி வந்து..." என்று ஆரம்பித்தார். தொட்டியில் பழுப்பாக ஒரு கட்டு வைக்கோல்தான் இருந்தது.

நான் ஓடிப்போய் இரண்டு கொட்டாங்கச்சிகளையும் தூக்கிவந்து அத்தையின் காலடியில் வைத்தேன்.

அத்தை குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "தாய் போயிடும்னு தெரியும் சார். பூத்த பிறகு அது நிக்காது. கன்னு கிளம்புறதப் பாத்துட்டுத்தான் இங்க கொண்டாந்து வச்சேன். பூட்டுன வீட்டுல விட்டிருந்தா இதுங்களும் காஞ்சிருக்கும்." யார் பிரித்து நட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். அறுத்த காரணத்தை அவர் கேட்கவில்லை, நானும் அவராகக் கேட்காததைச் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன்.

பிறகு கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "யானம் ஆர்டர் வந்திருச்சு."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பேருலதான். நானே எழுதிக் குடுத்துக் கேட்டு வாங்கினேன். ரெண்டு மாசமா நடையா நடந்தேன் சார். போறேன்னு சொன்னாகூட லேசுல விட மாட்டேங்கிறாங்க."

அப்பா ஏன் மேடம், ஏன் மேடம் என்று இரண்டு தரம் கேட்டார்.

"எனக்கென்ன சார். கதவப் பூட்டினா சாவி என் கையில. உங்களுக்கு அப்படியா?" என்று அத்தை அம்மாவைப் பார்த்தார்.

அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். நெடுநேரம் அடுப்படியில் ஒரு பாத்திரச் சத்தமும் இல்லை. பிறகு காபியோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. அத்தையை மத்தியானம் சாப்பிடாமல் போகவிடவில்லை. வறுத்த மீனில் நடுத்துண்டு எப்போதும் எனக்குத்தான், அன்று அது அத்தையின் இலைக்குப் போயிற்று. நான் அதையும் பொருட்படுத்தவில்லை. அப்பா போகவில்லை, அப்பா போகவில்லை என்று வீட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். நான் நட்டுவைத்த கன்றுகளைப் பார்த்துத்தான் அத்தை மனம் மாறியிருக்கிறார் என்று நினைத்தேன். ஆர்டர் அதற்கு முன்பே அவர் பையில் இருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது நானும் அதே அரசாங்கத்தில்தான் வேலை பார்க்கிறேன். மாற்றல் பட்டியல்கள் என் மேசைக்கும் வருகின்றன. ஒரு பெயர் அதிலிருந்து சும்மா போய்விடாது, அந்த இடத்தில் இன்னொரு பெயர் எழுதப்பட்டால்தான் போகும். என் தம்பி பங்குனிக் கடைசியில் பிறந்தான். அந்தப் பிரசவமும் லேசாக இல்லை. அன்று ராத்திரி வண்டி பிடித்து அம்மாவைக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அப்பாதான். எங்களிடம் இருந்த கன்று மூன்றாம் வருஷம் பூத்தது. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நெரவியில் பாதி வீடுகளில் நிற்கின்றன. யாரும் அவற்றின் பக்கக் கன்றுகளை அறுத்து எறிவதில்லை, பெரியப்பா உத்தரவு.

அத்தை யானத்துக்குக் கிளம்பிய காலையில், அப்பா என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அம்மா மாங்காய் ஊறுகாய், முறுக்கு, குழம்புப் பொடி என்று ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பியிருந்தாள். புறப்படும்போது அப்பா, "அத்தைக்கு ஒரு கன்ன எடுத்துக்க பாப்பா" என்றார். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். ஒன்று நன்றாக இலை விரித்து நின்றது. இன்னொன்று பாதி உயரம்தான், ஒரு நுனி கருகியும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அத்தையிடம் கொட்டாங்கச்சியை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "சின்னதா இருக்கறது நல்லதாப் போச்சு, மடியில அடங்குது" என்றார். தண்ணீரைக் குழியில் ஊற்ற வேண்டும், வேரில் ஊற்றக் கூடாது என்று அவருக்கே நான் சொல்லிக்கொடுத்தேன். சரிங்க டீச்சர் என்றார். பஸ் திரும்பும்வரை அப்பா கையை உயர்த்தியபடியே நின்றார்.

திரும்பி வரும்போது, "பெரிய கன்னு இருந்துச்சே பாப்பா, அத ஏன் குடுக்கல?" என்று கேட்டார்.

"நல்லது நம்மகிட்ட இருக்கட்டும்னுதாம்ப்பா" என்றேன்.

அரசலாற்றுப் பாலம் தாண்டி, நெரவி வந்து, மொபெட்டை வாசலில் நிறுத்தும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துத்தான் வாயடைத்துப்போய் வருகிறார் என்று நான் அவர் முதுகைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.